புத்தர் நாட்டுக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்கப் பயணக் கேள்விகள் குவிகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை தாய்லாந்து, இலங்கை, கம்போடியா என்று புத்த மதம் ஆழ வேரூன்றிய நாடுகளைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்கள் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. செருப்பைக் கழற்றுவது, குளித்துவிட்டுப் போவது, வலக்கையால் கொடுப்பது, வலம் வருவது, இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பழக்கமும் அவர்கள் பழக்கமும் மேலுக்கு ஒன்றுபோலத் தெரிந்து, உள்ளே வேறாக இருக்கிற இடங்களில்தான் சங்கடம் வரும். அந்த இடங்களில்தான் அதிகம் நின்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): குடும்பத்தோடு முதல் தடவையாக ஹாட்யாய், அப்புறம் பேங்காக் போகிறோம். கோயில்களுக்கு என்ன உடுத்துவது? இரண்டு பிள்ளைகளும் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள், அவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை. பெண்களுக்குப் பஞ்சாபி உடைதான் மிக வசதி. சேலை கட்டினால் இடுப்பு தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு நீளக் கால்சட்டை போதும், வேட்டியும் கட்டலாம், ஆனால் வெயிலுக்காக மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். நம் ஊர்க் கோயில்களில் சிலவற்றில் சட்டையைக் கழற்றுவது மரியாதை, அங்கே சட்டை போட்டிருப்பதுதான் மரியாதை. பேங்காக் அரண்மனையும் அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலும் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட், காலை 8.30க்குத் திறந்து மாலை 3.30க்கு நுழைவுச்சீட்டு விற்பதை நிறுத்திவிடுவார்கள். வாசலுக்கு வெளியே யாராவது கனிவாக வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வாருங்கள் வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றால் நம்பாதீர்கள், துக்துக்கில் ஏற்றி நகைக்கடைக்குத்தான் கொண்டுபோய் விடுவார்கள். நேராக வாசலுக்குப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்து, புலாவ் தீக்குஸில் லோரோங் பர்மாவுக்குக் கூட்டி வாருங்கள். எதிரெதிரே இரண்டு கோயில்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் சயாமியக் கோயிலான வாட் சாயாமங்கலாராம், 1845இல் தொடங்கியது. எதிர்ப்பக்கம் அதைவிடப் பழைய, 1803இல் எழுந்த தம்மிகாராம பர்மியக் கோயில். சயாமியக் கோயிலின் உள்ளே 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருப்பார். சுற்றுலாப் பயணிகள் பலரும் முகத்துக்கு நேரே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் பிள்ளைகளைச் சிலையின் முதுகுப் பக்கம் கூட்டிப் போங்கள். அங்கே சின்னச் சின்ன மாடங்களில் இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள் வரிசையாக இருக்கும், யாரோ ஒருவருடைய பாட்டியும் தாத்தாவும் புகைப்படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தபின் "இது விளையாடுகிற இடம் இல்லை" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

அங்கேயே எல்லாவற்றையும் பழக்கிவிடலாம். வாசல்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். உட்காரும்போது பாதம் சிலையையோ பிக்குவையோ பார்த்து நீளக் கூடாது, காலைப் பின்னால் மடக்கி ஒருக்களித்து உட்கார வேண்டும். சிலையை நோக்கி விரல் நீட்டக் கூடாது, பீடத்தில் ஏறக் கூடாது. பிள்ளைகள் அறியாமல் செய்தால் தாய்லாந்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் செய்தால் முகம் மாறிவிடும், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அப்புறம், அழகாக இருக்கிறதே என்று அங்கே ஒரு குழந்தையின் தலையைத் தடவிவிடாதீர்கள், தலை அவர்களுக்குப் புனிதமான இடம்.

கேள்வி (ஈப்போ வாசகி): சாமியார், குருக்கள், பெரியவர்கள் யாரைப் பார்த்தாலும் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று அப்பா சொல்லி வளர்த்தார். புத்த பிக்குவிடமும் அப்படிச் செய்யலாமா?

பதில்: நல்ல வேளை, போவதற்கு முன்னால் கேட்டீர்கள். தாய்லாந்தில் பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, அவர் அணிந்திருக்கும் காவியும் படக் கூடாது. பிக்குவின் விரதத்தைக் காப்பதற்கான ஏற்பாடு அது, பெண்ணைத் தாழ்வாக நினைத்துச் செய்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் காலைத் தொடக் குனிந்தால் அவர் சட்டென்று பின்வாங்குவார், உங்களுக்கும் மனசு வருத்தமாகிவிடும். சற்றுத் தள்ளித் தரையில் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் படும்படி மூன்று தடவை வணங்குங்கள். புத்தர், தர்மம், சங்கம் என்று மூன்றுக்கும் ஒவ்வொன்று.

ஏதாவது கொடுக்க விரும்பினால் நேரே கையில் நீட்டாதீர்கள். பிக்கு ஒரு துணியைத் தன் முன்னால் விரித்து அதன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்வார், நீங்கள் அந்தத் துணியின்மேல் வைக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் உங்கள் கணவரோ மகனோ வாங்கிக் கொடுக்கட்டும். பேருந்திலும் ரயிலிலும்கூட பிக்குவுக்கு அடுத்த இருக்கையில் பெண்கள் உட்காருவதில்லை.

பெண்களுக்கு இன்னும் ஒன்று. வடதாய்லாந்தில் சில பழைய தூபிகளின் உள்சுற்றில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்திருப்பார்கள். மியன்மாரில் மண்டலேயின் மகாமுனி புத்தருக்கு ஆண்கள் மட்டுமே அருகில் போய்த் தங்க இலை ஒட்டலாம். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனாலும் விருந்தாளியாகப் போன இடத்தில் வாசலில் நின்று வாதாடுவதால் எதுவும் மாறப்போவதில்லை.

கேள்வி (கிள்ளான் வாசகர்): என் அம்மா சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. புத்த மத நாடுதானே, சாப்பாட்டுக்குக் கவலையில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை ஐயா, இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். தாய்லாந்து, இலங்கை, மியன்மார், கம்போடியா இங்கெல்லாம் இருப்பது தேரவாத புத்த மதம். பிக்கு பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுகிறவர். தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்ணால் காணாமலும், காதால் கேளாமலும், சந்தேகப்படாமலும் இருந்தால் இறைச்சியை ஏற்கலாம் என்பது அவர்கள் விதி. ஆகவே கோயில் பக்கத்துக் கடையிலேயே மீனும் பன்றியும் வெந்துகொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஏற்ற சாப்பாடு தாய்லாந்தில் இருக்கிறது, அதன் பெயர் 'ஜே'. சீனப் பரம்பரையினர் விரதத்துக்குச் சாப்பிடும் உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டும் கிடையாது. இந்தக் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும், நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். அந்தக் கொடியைப் பார்த்தால் தைரியமாக உள்ளே போங்கள். சாதாரணக் கடையில் "காய்கறி மட்டும்" என்று சொன்னால், மீன் சாஸும் சிப்பி சாஸும் ஊற்றித்தான் கொண்டுவருவார்கள். பெலாச்சான் மாதிரி இறால் விழுதும் பல குழம்புகளில் உண்டு. "கின் ஜே" என்று இரண்டே சொற்களை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பேங்காக்கில் பாஹுராட் பக்கம் போனால் இந்தியக் கடைகளும் இருக்கின்றன.

இலங்கையில் சைவக் கடை என்று பலகை போட்ட இடங்களில் நம்பிச் சாப்பிடலாம். மற்ற இடங்களில் சம்பலில் மாசிக் கருவாடு தூவியிருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பௌர்ணமி தோறும் அங்கே போயா விடுமுறை, அன்று மதுவும் இறைச்சியும் விற்கக் கூடாது. விருந்து, கொண்டாட்டம் என்று திட்டமிடுகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி (பிறை வாசகர்): தாய்லாந்தில் மருந்துப் பெட்டியில் காலாவதி ஆண்டு 2570 என்று அச்சிட்டிருப்பதாக நண்பர் சொல்கிறார். போலி மருந்தா?

பதில்: இல்லை. அவர்கள் புத்த ஆண்டைப் பயன்படுத்துகிறார்கள். 543ஐக் கழித்துவிடுங்கள், 2027 வரும்.

கேள்வி (ஷா ஆலம் வாசகர், வயது 24): முழங்கைக்குக் கீழே புத்தர் முகம் பச்சை குத்தியிருக்கிறேன், பிடித்துப்போய்த்தான் குத்தினேன், கேலிக்காக இல்லை. இலங்கைக்குப் போவதில் பிரச்சினை வருமா?

பதில்: வரலாம் தம்பி. 2014இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை இலங்கை விமான நிலையத்தில் தடுத்து வைத்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவரும் பக்தியோடுதான் குத்தியிருந்தார். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி, 8 லட்சம் இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. நியாயம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆனது, பயணமும் கெட்டது. நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், விமான நிலையத்தில் மட்டும் போதாது, தங்கியிருக்கும் நாள் முழுக்க.

மியன்மாரில் இதைவிடக் கடுமை. 2015இல் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய புத்தர் படத்தை மதுக்கடை விளம்பரத்துக்குப் போட்டதற்காக ஒரு நியூசிலாந்துக்காரருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள், மறு ஆண்டு பொது மன்னிப்பில்தான் வெளியே வந்தார். புத்தர் படம் போட்ட சட்டை, பை, செருப்பு எதுவும் வேண்டாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று செல்ஃபி எடுப்பதும் இலங்கையில் குற்றமாகப் பார்க்கப்படும். படம் எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நில்லுங்கள், இல்லாவிட்டால் சிலையை மட்டும் எடுங்கள்.

கேள்வி (செந்தூல் வாசகி): என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு மலாயா வந்தவர். இப்போது பேரப்பிள்ளைகளோடு அந்த மண்ணைப் பார்க்க ஆசை. கண்டி, கதிர்காமமும் போகலாம் என்கிறார் மருமகன். ஆனால் அங்கே நம் உறவுகள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான், புத்தர் சிலைக்கு முன்னால் நிற்கவே மனம் கூசுகிறது. தமிழ் பேசிக்கொண்டு போகவும் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் பயத்தைப் பற்றி. போர் 2009 மே மாதத்தோடு முடிந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அங்கே ஆட்சிமொழி, பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும், கொழும்பில் வெள்ளவத்தையில் இறங்கினால் காதில் விழுவதே தமிழ்தான். தாராளமாகப் பேசுங்கள். ராணுவ முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் மட்டும் படம் எடுக்க வேண்டாம்.

மனம் கூசுவதைப் பற்றி நான் உங்களைச் சமாதானப்படுத்த வரவில்லை, அந்த வலிக்குக் காரணம் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் புதிதாக எழும் விகாரைகளைப் பற்றி அங்குள்ள தமிழர்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள், அதை மறந்துவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கண்டியில் தாமரையும் மல்லிகையும் ஏந்திக்கொண்டு வெள்ளைச் சேலையில் வரிசையில் நிற்கும் ஒரு சிங்களக் கிழவி உங்கள் வயதுக்காரர், உங்களைப் போலவே பேரப்பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள வந்தவர். அவருக்குப் பக்கத்தில் நிற்கலாமா என்று உங்கள் மனசைக் கேட்டுப் பாருங்கள், அது என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். கும்பிட்டே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை, அமைதியாக நின்றாலே போதும்.

கண்டியில் நமக்குத் தொடர்பில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கண்டியைக் கடைசியாக ஆண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன நாயக்கர் வம்சத்தார், தமிழ் தெரிந்தவர்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், இலங்கையில் அற்றுப்போயிருந்த பிக்கு தீட்சையைத் திரும்பத் தொடங்கச் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தார்கள். அந்த வழி வந்த சங்கத்துக்கு இன்றும் சியாம் நிக்காய என்றுதான் பெயர். புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் எட்டுக்கோண மண்டபத்தையும் எதிரே இருக்கிற ஏரியையும் அமைத்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், அங்கேயே 1832இல் இறந்துபோனார். இதைப் பேரப்பிள்ளைகளுக்கு ஏரிக்கரையில் நின்று சொல்லுங்கள்.

தலதா மாளிகைக்கு வெள்ளை உடை உத்தமம். பூசை நேரத்தில் போனாலும் புனிதப் பல்லைப் பார்க்க முடியாது, அது வைத்திருக்கும் பேழையைத்தான் தரிசிக்கலாம். கதிர்காமத்தில் நம் முருகனைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கருவறையில் சிலை தெரியாது, தெய்வத்தின் உருவம் தீட்டிய திரைதான் தொங்கும், திரைக்குப் பின்னால் பூசை செய்கிறவர் சிங்களக் கப்புராளை. பழத்தட்டோடு வரிசையில் தமிழரும் சிங்களவரும் கலந்து நிற்பார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே கிரி வெஹெர என்ற தூபி இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நல்லூருக்குப் போகும்போது மட்டும் மருமகனிடம் சொல்லிவையுங்கள், அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

கேள்வி (சுபாங் ஜெயா வாசகி): வீட்டு வரவேற்பறையில் வைக்க ஒரு புத்தர் தலைச் சிலை வாங்கி வர ஆசை. தாய்லாந்திலிருந்து கொண்டுவர முடியுமா?

பதில்: சட்டப்படி, புத்தர் சிலையைத் தாய்லாந்திலிருந்து வெளியே கொண்டுபோக அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கழுத்தில் அணியும் சின்னத் தாயத்துக்கு அது தேவையில்லை. கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வார், விமான நிலையத்தில் மாட்டுவது நீங்கள்.

சட்டத்தை விடுங்கள். தலை மட்டும் ஏன் தனியாக விற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பேங்காக்கிலிருந்து அயுத்தியாவுக்குப் போய்ப் பாருங்கள். 1767இல் பர்மியப் படை அந்தத் தலைநகரை எரித்தது, அதற்குப் பிறகு வந்த திருடர்கள் சிலைகளின் தலையை அறுத்துச் சந்தையில் விற்றார்கள். சுவரோரமாக வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அங்கே வாட் மகாதாட் என்ற இடத்தில் ஓர் அரசமரத்து வேர்களுக்குள் சிக்கிய புத்தர் முகம் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழத் தரைமட்டத்தில். அதோடு படம் எடுத்துக்கொள்கிறவர்கள் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், தங்கள் தலை அவர் தலைக்கு மேலே போகக் கூடாது என்பதற்காகக் காவலர் பார்த்துக்கொண்டே நிற்பார். நம் வீட்டுப் பூசையறை முருகனின் தலையை மட்டும் வெட்டி ஒருவர் தன் வீட்டு நீரூற்றுப் பக்கத்தில் அழகுக்கு வைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும். பேங்காக் சாலைகளிலேயே "புத்தர் அலங்காரப் பொருள் இல்லை" என்று பெரிய விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். என்னைக் கேட்டால் வாங்காதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருந்தால் காலணி வைக்கும் இடத்துக்கும் குளியலறைக்கும் பக்கத்திலிருந்தாவது எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள்.

கேள்வி (தைப்பிங் வாசகர்): மார்கழியில் பேங்காக் போகிறோம். திருப்பாவை திருவெம்பாவை விட்டுப்போகுமே என்று மனைவிக்குக் குறை.

பதில்: விட்டுப்போகாது. சீலோம் சாலையில் நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, தாய்லாந்துக்காரர்களும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இன்னொன்று, பெரிய ஊஞ்சல் கம்பங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் 1784இல் கட்டிய பிராமணர் கோயில். அரச குடும்பத்தின் பிராமணர்கள் அங்கே ஆண்டுதோறும் திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்த பாடல்களை ஓதுகிறார்கள். பொருள் அவர்களுக்கு மறந்துபோய்விட்டது, ஓதுவது நிற்கவில்லை. அந்தச் சடங்கோடு சேர்ந்து பெரிய ஊஞ்சலில் நடந்த ஊஞ்சலாட்டம் மட்டும் 1935இல் நின்றுபோனது. சடங்கு நடக்கும் நாளைத் தங்கும் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுங்கை பட்டாணி வாசகர்): என் தாத்தாவின் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. இறந்த நாள் தெரியாது, இடம் தெரியாது, ஒரு படம்கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போனதில்லை. இந்த வருடம் நான் காஞ்சனபுரி போகலாம் என்றிருக்கிறேன். அங்கே புத்தர் கோயிலில் அவருக்காக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் ஐயா, கட்டாயம் போய் வாருங்கள்.

1942இலிருந்து 1943 அக்டோபர் வரை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை அது. கட்டாய வேலைக்குப் போன ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்திருப்பார்கள், அவர்களில் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் மக்கள் அதில் பல்லாயிரம் பேர். காலரா, மலேரியா, பசி, அடி. காஞ்சனபுரி நகரத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொன்றிலும் தகடு. பெயர் தெரிந்தவர்களுக்கு வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசையும் இல்லை. அதைப் பார்க்கும்போது உங்களுக்குக் கோபமும் அழுகையும் வரும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாட் தாவோன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களுக்கான நினைவுத் தூபி அங்கேதான் இருக்கிறது, நம்மவர்கள் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் ஒரு நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பூ வையுங்கள்.

அடுத்து, ஊரிலிருக்கும் ஏதாவது ஒரு தாய்லாந்து விகாரையில் அவருக்காகச் சங்கதானம், அதாவது பிக்குகளுக்கான தானம், கொடுங்கள். ஆற்றோரமாக இருக்கும் வாட் சாய் சும்போனுக்குப் போகலாம், போர் அருங்காட்சியகம் ஒன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது. கோயில் பக்கத்துக் கடைகளில் மஞ்சள் நிற வாளி விற்பார்கள், அதில் சோப்பு, பற்பசை, மருந்து, காப்பித்தூள், சில சமயம் காவித் துணி எல்லாம் அடுக்கிக் கட்டியிருக்கும். பிக்குகள் நண்பகலுக்குமேல் சாப்பிடமாட்டார்கள், அதனால் உணவும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். சில கோயில்களில் இறந்தவர் பெயரைத் தாளில் எழுதச் சொல்வார்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

வாளியைக் கொடுத்ததும் உங்களிடம் ஒரு சின்னச் செம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் தருவார்கள். பிக்கு பாலி மொழியில் ஓத ஆரம்பித்ததும் செம்பிலிருந்து மெல்லிய தாரையாகக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், தாரை அறுபடாமல், உங்கள் தாத்தாவின் அப்பாவை மனசில் நினைத்துக்கொண்டு. நிறைந்து வரும் ஆறுகள் கடலை நிரப்புவதுபோல, இங்கே கொடுக்கப்பட்டது இறந்தவர்களைப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அந்த ஓதலின் பொருள். ஓதி முடிந்ததும் கிண்ணத்துத் தண்ணீரை வெளியே எடுத்துப் போய் ஒரு மரத்தடியில் ஊற்றிவிட வேண்டும். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் முறைப்படியும் செய்ய வேண்டும் என்று தோன்றினால், பிண்டம், தேங்காய், கற்பூரம் என்று விகாரைக்குள் கொண்டுபோகாதீர்கள், ஆற்றங்கரையில் அமைதியாக எள்ளுத் தண்ணீர் விடுங்கள், ஆற்றில் எதையும் எறிந்துவிட்டு வராதீர்கள். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கவே இருக்கிறது, முடிந்தால் அதையொட்டிப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பேங்காக் தொன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக 'நாம் தோக்' என்ற ஊர் வரை ரயில் போகிறது. அந்தப் பழைய பாதையேதான். தாம் கிராசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரப்பாலத்தின்மேல் ஊர்ந்து போகும், இடது கைப்பக்கம் ஆறு. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். இன்னும் ஒன்று, வீட்டில் பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் போவதற்கு முன்னால் தாத்தாவின் அப்பாவுடைய பெயர், தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்கள் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (செபராங் ஜெயா வாசகி): அம்மாவுக்கு முட்டிவலி. தரையில் உட்கார முடியாது. கோயிலில் நாற்காலி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பெரும்பாலான விகாரைகளில் சுவரோரமாக நாற்காலி இருக்கும். உட்கார்ந்தபின் காலைச் சிலையை நோக்கி நீட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி (ஜொகூர் பாரு வாசகர்): கம்போடியாவா, பூட்டானா? எது செலவு குறைவு?

பதில்: கம்போடியா. பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் அரசாங்கக் கட்டணம், விடுதியும் சாப்பாடும் தனி. அங்கோருக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டே எடுங்கள், அங்கோர் வாட் முதலில் விஷ்ணு கோயிலாக எழுந்தது, நம் கண்ணுக்குச் சுவர்ச் சிற்பங்களில் பாரதமும் பாற்கடலும் தெரியத் தெரிய நடக்க நேரம் வேண்டும். உச்சி அடுக்கில் ஏறத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி (பலரும் கேட்டது): தாய்லாந்துக்குப் போக என்னென்ன பத்திரம் வேண்டும்? பாடாங் பெசார் வழியாக ரயிலில் போனாலும் அதே விதியா?

பதில்: அதே விதிதான். கடப்பிதழ் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கட்டும், மலேசியர்களுக்கு விசா வேண்டாம். 2025 மே 1 முதல் தாய்லாந்து மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், தரைவழியாகப் போனாலும்தான். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், குடிநுழைவுத் துறையின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

இளைஞர்கள் வேப் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். தாய்லாந்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. அரசரைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம், முகநூலில் எழுதவும் வேண்டாம், அதற்கு 3 முதல் 15 ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. காசுத்தாளிலும் அவர் படம் இருக்கிறது, காற்றில் பறந்தால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும், சுற்றியிருப்பவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.